ஒரு இறகு குறையாமல்

நீங்க தாராளமா உக்காருங்க சார். கூடைய என் காலுக்குக் கீழ தள்ளிக்கிறேன். கடிக்காது, குட்டிதான். கத்துதேன்னு பாக்காதீங்க. கத்தட்டும். பசியில கெடந்தாத்தான் வேட்டை நாயிக்குப் புத்தி வரும்.

ஆமா, வேட்டை நாயிதான். சிப்பிப்பாறை. அப்பன் ஆத்தா ரெண்டையும் ஓட விட்டுப் பாத்துட்டுத்தான் வாங்கிட்டு வாரேன். எதுக்குன்னா கேக்குறீக? ஒருத்தன் மூஞ்சில கரியப் பூசணும், அதுக்கு. சிரிக்காதீங்க சார். நான் வெளையாட்டுக்குச் சொல்லல. அவன் பேரு காளிராசு. எம் பொண்டாட்டி சீனியம்மாவோட அண்ணன், எனக்கு மச்சான். இந்த பஸ்ஸு ஓடைப்பட்டியில டீ குடிக்க நிப்பாட்டுவாக பாருங்க, அவன் ஊரு அதுதான். நிக்கிற எடத்துக்கு எதுத்தாப்புலயே பச்சைக் கதவு போட்ட வீடு. அந்த வீட்டத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்னு காளியம்மன் மேல சத்தியம் பண்ணிருக்கேன். அதனாலதான் இந்தப் பக்கத்து சீட்டாப் பாத்து உக்காந்தேன்.

நீங்களே கேட்டுட்டு ஞாயத்தச் சொல்லுங்க. போன வருசத்துக்கு முந்தின வருசம் அவன் மகளுக்குக் காதுகுத்து. ஊரே கூடியிருக்கு. வந்தவுகளுக்கு கௌதாரிக் கறி நான் போடுறேன்னு வாய விட்டுட்டேன். சும்மா விடல, எனக்குத் தெறமை இருக்கு. உண்டிவில்லுல பறக்குற கௌதாரிய அடிப்பேன். இப்ப அதெல்லாம் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம், அது ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கௌதாரிக்குத் தெரியாது. அவன் வீட்டுக்குப் பின்னாடியே பருத்திக்காடு. வாங்கய்யா வேடிக்கை பாக்கன்னு எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயி, ஒரு அடி. பொத்துன்னு விழுந்துச்சு. அப்ப எங்கிட்ட ராசான்னு ஒரு நாய் இருந்துச்சு. போடா, எடுத்துட்டு வாடான்னேன். போச்சு. எடுத்துச்சு. எடுத்துட்டு, வரப்பு மேல ஏறி, அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டிருக்க, சாவகாசமா உக்காந்து தின்னுச்சு.

நான் கத்துறேன், கல்ல எடுத்து எறியுறேன், அது பாட்டுக்குத் தின்னுட்டு நாக்க நக்கிக்கிட்டு வருது. அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. இந்தக் காளிராசு இருக்கான்ல, துண்ட ஒதறித் தோளுல போட்டுக்கிட்டுச் சொல்றான்: "மாப்ள, நாயி அப்படியே ஒங்களமாதிரிதான். கெடச்சத வீடு வரைக்கும் கொண்டு வராது."

பெறகு சிரிச்சாக பாருங்க! காது குத்த வந்த ஆசாரி சிரிக்கான். பந்திக்கு எலை போடுறவன் சிரிக்கான். சீனியம்மா சேலைத் தலப்ப வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சா சார். எம் பொண்டாட்டி!

நான் என்ன வீட்டுக்குக் கொண்டு வராம விட்டேன்? கூலிய வாங்கிட்டு வரையில வழியில நாலு பேரப் பாப்போம், கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும். ஆம்பளைன்னா ஆகத்தான் செய்யும். அதுக்காகப் பொண்ணு குடுத்த வீட்டுக்காரன் சபையில வச்சுச் சொல்லிரலாமா? அன்னைக்குச் சாயங்காலமே ராசாவ ஒரு லாரிக்காரன்ட்ட பிடிச்சுக் குடுத்துட்டேன். எங்கயோ வடக்க போயிருச்சு. அன்னைக்கு முடிவு பண்ணேன். டேய் காளிராசு, நாய வச்சுத்தானே என்னைய அசிங்கப்படுத்துன? நாய வச்சே ஒன்னைய அடிக்கிறேன்.

அவன்ட்ட ஒரு சண்டைச் சேவல் உண்டு. கீரின்னு பேரு. பெத்த பிள்ளையக்கூட அப்படி வளக்க மாட்டான். பாதாம்பருப்பு என்ன, அவிச்ச முட்டை என்ன, குளத்துல நீச்சல் அடிக்க விடுறது என்ன. வருசா வருசம் காளியம்மன் பொங்கலன்னைக்கு அதை மடியில வச்சுக் கொண்டாந்து, கோயில் மைதானத்துல எறக்கி விட்டு, மீசையத் தடவிக்கிட்டு நிப்பான். நிக்கட்டும். அந்த நேரம் எம் நாயி போகணும். போயி, கீரிய அலுங்காமக் கவ்வணும். அத்தன பேருக்கும் நடுவுல கொண்டாந்து எம் காலடியில வைக்கணும். நான் குனிஞ்சு எடுக்கணும். எடுத்து அவன் கையில குடுத்து ஒரு வார்த்தை சொல்லணும். "இந்தாங்க மச்சான். ஒரு எறகு கொறைஞ்சிருக்கான்னு எண்ணிப் பாத்துக்கங்க."

எப்படி? நல்லாயிருக்குல்ல? கொன்னுட்டாக் கேசாயிரும். கொல்லாமக் குடுத்தா அவன் சாகுற வரைக்கும் மறக்க மாட்டான். இந்த வார்த்தைய நான் ஒரு வருசமா சொல்லிச் சொல்லிப் பாத்தேன் சார். குளிக்கையில சொல்லுவேன், சோறு திங்கையில சொல்லுவேன். இந்தாங்க மச்சான்ல கொஞ்சம் நிறுத்தணும். நிறுத்திட்டு, ஒரு எறகுன்னு மெதுவா ஆரம்பிக்கணும். சீனியம்மா அடுப்படியில உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பா. ஒரு நா மட்டும் கேட்டா, "இதச் சொல்லிட்டா ஒங்களுக்குச் சோறு எறங்கிருமா?"ன்னு. எறங்கும்டீன்னேன்.

கருப்பட்டிங்கிற நாய்க்குட்டி அப்பதான் வந்துச்சு. நெறம் அப்படியே கருப்பட்டி, அதனால அந்தப் பேரு. சிப்பிப்பாறைய முயலுக்குத்தான் விடுவாக. பறவைய எடுத்துட்டு வரப் பழக்குறேன்னதும் எல்லாரும் கோட்டிக்காரன்னு சொன்னாக. அதுக்கு ஓட்டத்தக் கத்துக் குடுக்க வேண்டாம், அது பெறவியிலயே வரும். வாயைத்தான் கத்துக் குடுக்கணும். கவ்வணும், கடிக்கக் கூடாது. வச்சுக்கணும், நசுக்கக் கூடாது. குடுன்னு சொல்ற வரைக்கும் விடக் கூடாது. இந்த மூணும்தான் வித்தை.

நான் என்ன பண்ணேன், எம் பழைய பச்சைத் துண்ட உருண்டையாச் சுருட்டி, உள்ள கருவேல முள்ள வச்சுத் தச்சேன். மெதுவாக் கவ்வுனா ஒன்னும் செய்யாது. அழுத்திக் கடிச்சா வாயில குத்தும். நாலு தடவை குத்துனா அஞ்சாம் தடவை தானாப் பல்லு அடங்கிரும் பாருங்க. இது நானாக் கண்டுபிடிச்ச வழி. மொத நாளு வாயெல்லாம் ரத்தம், கத்திக்கிட்டு சீனியம்மா சேலைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிருச்சு. ரெண்டு நாளு கழிச்சுப் பாக்கேன், பஞ்சு மாதிரி கவ்வுது! எனக்கே ஆச்சரியம். பாத்தியாடி முள்ளோட மகிமைய, அப்படின்னேன். அவ தலைய ஆட்டுனா.

பெறகு கோழிமுட்டை. ஒடையாமத் தூக்கிட்டு வரணும். பெறகு செத்த காடை. பெறகு றெக்கையக் கட்டுன கௌதாரி. இதுக்கெல்லாம் ரெண்டு ஆளு வேணும், தெரியுமா? நான் ஓடைக்கரையில நின்னு போன்னு விடுவேன். அவ வீட்டு வாசல்ல உக்காந்து வாங்குவா. வாங்குறதுல என்ன இருக்கு, கைய நீட்டுனா முடிஞ்சது. விடுறதுலதான் சார் தெறமை இருக்கு.

ஏன் எங்கிட்ட வராம வீட்டுக்குப் போகணும்னு கேக்குறீகளா? அங்கதான் எம் மூளை. பாரஸ்ட்காரங்க ஒரு தடவை என்னைய மடியில ரெண்டு கௌதாரியோட பிடிச்சு, ஆபீஸ்ல நாள் பூரா முட்டி போட வச்சுட்டாக. அதுல இருந்து ஒரு ஏற்பாடு. நான் காட்டுல அடிப்பேன். கருப்பட்டி அதக் கவ்விக்கிட்டு, நேரா, ஒடங்காட்டு முள்ளுக்குள்ள பூந்து வீட்டுக்குப் போயிரும். சீனியம்மா மடியில கொண்டு போயிப் போடும். நான் ரெண்டு கையையும் வீசிக்கிட்டு ரோட்டு வழியா வருவேன். பாரஸ்ட்காரன் ஜீப்ப நிப்பாட்டித் துழாவுவான். துழாவு சாமி, நல்லாத் துழாவு! வீட்டுக்கு வந்தா சட்டியில கொதிச்சுக்கிட்டிருக்கும். நாயி அவ பக்கத்துல படுத்திருக்கும். சுத்து வட்டாரத்துல எவனுக்காவது இந்த மூளை உண்டா?

நாயிக்குச் சோறு வைக்கிறது, உண்ணி எடுக்கிறது, அதெல்லாம் அவ வேலை. பொம்பளைக்கு வீட்ல வேற என்ன வேலை? பழக்குனது நான்.

இப்படியே பொங்கலும் வந்துருச்சு. ரெண்டு நாளுதான் இருக்கு. கடைசியா ஒரு ஒத்திகை பாத்துருவோம்னு அவ வளக்குற வெடச்சேவல ஒன்ன விட்டேன். அது என்னமோ, கருப்பட்டி கவ்வப் போகையில சேவலு திரும்பி மூஞ்சில ஒரு போடு போட்டுருச்சு. நாயி பயந்து பின்னால வந்துருச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ஒரு வருச ஒழைப்பு சார். ரெண்டு நாளுல காளிராசு முன்னால இப்படிப் பின்னால வந்தா எம் பொழப்பு என்னாகும்? மம்பட்டிக்குப் போடுற கணைக் கட்டை கெடந்துச்சு, அத எடுத்து ஓங்கிட்டேன். இவ குறுக்க வந்து விழுகுறா. நாய மறைச்சுக்கிட்டு. குறுக்க வந்தா படத்தானே செய்யும்? எடது கையில பட்டுருச்சு. வேணும்னு அடிக்கல. அவள நான் ஏன் அடிக்கணும்? நாயத்தான் அடிச்சேன்.

அழுகல. அது ஒரு மாதிரியான பொம்பளை. வீங்குன கையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, நாயிக்குக் கஞ்சி ஊத்தி வச்சுட்டு, மறுநா காலையில மொத பஸ்ஸுல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. போகட்டும்னு விட்டேன். எப்படியும் அந்த ஊருக்குத்தானே பொங்கலுக்குப் போகணும், நான் ஜெயிச்ச கையோட கூட்டிட்டு வந்துரலாம்னு ஒரு கணக்கு.

அவ போனதுல இருந்து கருப்பட்டி ஒன்னும் திங்கல. வாசல்லயே படுத்துக் கெடந்துச்சு. நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். வயிறு காலியா இருந்தா வேட்டை சுறுசுறுப்பா இருக்கும்ல.

பொங்கலன்னைக்கு வெளுத்த வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். கோயிலுக்கு முன்னால வரிசையாப் பொங்கப்பானை. புகை, கொட்டுச் சத்தம், பிள்ளைக கூட்டம். நான் வேப்பமரத்துக்குப் பின்னால நாயோட நிக்கேன். வந்தான் சார் காளிராசு. பட்டுத் துண்டு போட்டுக்கிட்டு, மடியில கீரிய வச்சுக்கிட்டு. எறக்கி விட்டான். சேவலு கழுத்த நிமித்திக்கிட்டு ஒரு சுத்து சுத்துச்சு. அவன் கை மீசைக்குப் போச்சு.

போன்னேன்.

ஆகா, அந்தப் போக்க நீங்க பாத்திருக்கணும்! வயிறு தரையில ஒரசப் போகுது. கொட்டடிக்கிறவன் காலுக்கு நடுவுல பூந்து போகுது. கீரிக்குத் திரும்ப நேரமே குடுக்கல. முதுகோட சேத்து, றெக்கையோட சேத்து, பூவ எடுக்குறமாதிரி ஒரு கவ்வு. சேவலு கொக்குன்னுகூடச் சொல்லல. கூட்டம் ஓன்னு கத்துச்சு. காளிராசு மூஞ்சி வெளிறிப் போச்சு. அந்த மூஞ்சிய நான் பாத்தேன் சார். அது போதும்னு அப்பவே நான் வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனா வார்த்தை இருக்கே! நடுவுல போயி நின்னேன். தொண்டையச் செருமிக்கிட்டேன். கருப்பட்டி என்னைய நோக்கித்தான் வருது. வருது, வருது. எங் காலு பக்கம் வந்துச்சு. நான் குனிஞ்சேன்.

தாண்டிப் போயிருச்சு.

எங்கயோ பாத்துத் தப்பாப் போகுதுன்னு நெனச்சேன். பொங்கப்பானை வரிசை நெடுகப் போகுது. ஒவ்வொரு பொம்பளையா மோந்து மோந்து போகுது. கடைசிப் பானைக்குப் பக்கத்துல சீனியம்மா உக்காந்திருந்தா. கையில கட்டு. அவ முன்னால போயி வாலச் சுருட்டிக்கிட்டு உக்காந்துச்சு. வாயில சேவலு.

நான் ஓடுனேன். குடுன்னேன். குடுக்கல. குடுறா நாயேன்னு கத்துனேன். சேவல வாயில வச்சுக்கிட்டே உறுமுச்சு சார், என்னையப் பாத்து! சுத்தி ஊரே நிக்குது. எனக்கு என்ன செய்யன்னு தெரியாம அடுப்புல இருந்து ஒரு வெறகக் கையில எடுத்துட்டேன். அப்ப அவ என்னைய நிமிந்து பாத்தா. எனக்குக் கை தானா எறங்கிருச்சு.

அகப்பைய வச்சுட்டு, கட்டுப்போட்ட கையையும் நல்ல கையையும் சேத்து ஏந்துனாப்புல நீட்டுனா. குடுன்னுகூடச் சொல்லல. கருப்பட்டி கீரியக் கொண்டு போயி அந்தக் கையில வச்சுச்சு. வச்சுட்டு, அந்தக் கைக்கட்ட நக்குச்சு.

நான் விடல. எம் மானம் போகுதே! "எல்லாரும் பாத்துக்கங்க, நான் முள்ளு வச்சுப் பழக்குன நாயி, ஒரு பல்லு பட்டிருக்கா பாருங்க"ன்னு கூட்டத்தப் பாத்துச் சொன்னேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்றா, "முள்ள மறுநாளே எடுத்துட்டேன். இலவம்பஞ்சு வச்சுத் தச்சிருந்தேன்."

துரோகமா இல்லையா? ஒரு வருசம் சார்! ஒரு வருசம் எங்கூட ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, நான் முள்ளோட மகிமை முள்ளோட மகிமைன்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுறேன், தலைய ஆட்டிக்கிட்டே இருந்திருக்கா!

அதுக்குள்ள காளிராசு வந்துட்டான். அவ சேவல அவன்ட்ட நீட்டி, என்ன சொன்னா தெரியுமா? "இந்தா அண்ணே. ஒரு எறகு கொறைஞ்சிருக்கான்னு எண்ணிப் பாத்துக்க." எம் வார்த்தை! நான் குளிக்கையில, திங்கையில சொல்லிச் சொல்லி வச்சிருந்த வார்த்தை! அண்ணேன்னு சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்தக்கூடச் செஞ்சா.

அவன் சேவலத் திருப்பித் திருப்பிப் பாத்தான். பெறகு அவ கைக்கட்டப் பாத்தான். பெறகு என்னையப் பாத்தான். "மாப்ள, நாயி ஒங்களவிடத் தேவலை. கெடச்சத வீட்டுக்குக் கொண்டாந்துருச்சு"ன்னான்.

சிரிச்சாக. காதுகுத்துக்குச் சிரிச்சத விட ரெண்டு பங்கு. கொட்டடிக்கிறவன் கொட்ட எறக்கி வச்சுட்டுச் சிரிச்சான். சீனியம்மா மட்டும் சிரிக்கல. அன்னைக்குச் சிரிச்சவ இன்னைக்கு ஏன் சிரிக்கல? சிரிச்சிருந்தா சரிக்குச் சரியாப் போயிருக்கும். எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆத்திரம் அடங்காம இருக்கிறது அதுக்குத்தான்.

நாயக் கூப்பிட்டேன், வரல. கயித்தப் போட்டு இழுக்கலாம்னு பாத்தா, ஊர்க்காரனுக எழும்பிட்டானுக. விட்டுட்டு வந்துட்டேன். அது இன்னும் அங்கதான் கெடக்கு. அவளும்தான்.

பெரியவுக நாலு பேரு வந்து சொன்னாக, போயி ஒரு வார்த்தை சொல்லிக் கூட்டிட்டு வாடா கொம்பையான்னு. நான் என்ன வார்த்தை சொல்ல? இருந்த ஒரு வார்த்தையையும் அவதான் எடுத்துக்கிட்டாளே. அவளா வரட்டும். நான் காளிராச விட மாட்டேன் சார். நண்டு கொழுத்தா வளையில தங்காது. அவன் கொழுத்துத் திரியுறான். அடுத்த பொங்கலு வரட்டும். இந்தா இருக்கு எம் ஆயுதம். இது எனக்கு மட்டும்தான் குடுக்கும். இந்தத் தடவை நானே விடுவேன், நானே வாங்குவேன்.

எப்படியா? ரெண்டு எடத்துலயும் நானே எப்படி நிக்க முடியும்னா கேக்குறீக? அது... அதெல்லாம் பாத்துக்கிரலாம். இங்கன விட்டுட்டு அங்கன ஓடிப் போயி உக்காந்துக்கிர வேண்டியதுதான். நீங்க படிச்சவுக, குதர்க்கமாவே கேப்பீக.

சும்மா கெட சனியனே. காலையில இருந்து இதே கத்துதான் சார். என்ன குடுத்தேனா? ரெண்டு பொறை பிஸ்கோத்து வாங்கிப் போட்டேன், மோந்துட்டுத் திரும்பிக்கிருச்சு. பால் வாங்கி வச்சேன், கக்கிருச்சு. வயித்தப் பாருங்க, எலும்புக் கூட்டுக்குள்ள போயிருச்சு. கருப்பட்டி குட்டியில இப்படிக் கத்துனதே இல்ல. அப்ப அவ என்னத்தையோ கரைச்சு, விரல்ல தொட்டுத் தொட்டு வாயில வப்பா. கேப்பைக் கூழா, சோத்துத் தண்ணியா, நான் எங்க கவனிச்சேன்.

வண்டி நிக்குதே. ஓடைப்பட்டியா? டீ குடிக்க எறங்குறாகளா எல்லாரும்?

நீங்களும் எறங்குறீகளா? இருங்க, ஒரு நிமிசம் இருங்க. கூடைய நீங்க கையில எடுத்துக்கங்க. எதுத்தாப்புல பச்சைக் கதவு தெரியுதா? நாயி படுத்திருக்கா வாசல்ல? ஒன்னும் செய்யாது, கடிக்காது. நேராப் போயி இந்தக் குட்டிக்கு என்ன குடுக்கணும்னு மட்டும் கேளுங்க. ஒங்க குட்டின்னு சொல்லுங்க. நான் அனுப்புனேன்னு சொல்லிராதீங்க. காளிராசு இருந்தா தண்ணி குடிக்க வந்தேன்னு சொல்லிட்டுத் திரும்பிருங்க. நான் இந்தப் பக்கமே பாத்து உக்காந்திருக்கேன், டிரைவர் எடுத்தாக்கூட நிறுத்தி வைக்கிறேன்.

சார்... அந்த எடது கை. கட்டு அவுத்தாச்சா, விரல மடக்குறாளான்னு பாத்துட்டு வாங்க. கேக்காதீங்க. பாத்துட்டு மட்டும் வாங்க.